நூறு வருஷத்துக்கு முந்தின டிபி பேஷண்டை பழைய ரெக்கார்டுல தேடறது எப்படி

1900-லேர்ந்து 1930 வரைக்கும் ஒரு ஊர்ல டிபி வந்தவங்களை யார் பாத்துக்கிட்டாங்கன்னு தேடக் கிளம்பற முக்கால்வாசிப் பேர் நேரா சானடோரியம் (டிபிக்காரங்களைத் தங்க வெச்சு பாத்துக்கற ஆஸ்பத்திரி) ரெக்கார்டுக்குத்தான் போவாங்க. நானும் அதான் பண்ணேன். ஒரு ஆளுக்காக ரெண்டு மாசம் அட்மிஷன் லிஸ்ட்டைப் புரட்டினதுல கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம், கடைசில பாத்தா மனுஷன் ஏழைங்க விடுதியோட (வொர்க்ஹவுஸ்னு சொல்வாங்க) ஆஸ்பத்திரி வார்டுல படுத்திருந்திருக்காரு. சானடோரியம்காரங்க தேறிடுவாங்கன்னு தோணற ஆரம்ப கேஸைத்தான் விரும்பி எடுப்பாங்க, முத்திப்போனவங்களுக்கு வீடு, இல்லன்னா இந்த மாதிரி விடுதிதான். அதனால சானடோரியத்தை கடைசியா வெச்சுக்கங்க. (நான் சொல்றது பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா ரெக்கார்டை வெச்சு.)

முதல்ல வார்த்தையை சரி பண்ணிக்கணும். டிபின்னு தேடினா பாதி கிடைக்காது. நுரையீரல்னா தைசிஸ் இல்ல கன்சம்ப்ஷன், கழுத்துல கட்டி வந்திருந்தா ஸ்க்ரோபுலா, முதுகெலும்புல வந்திருந்தா பாட்ஸ் டிசீஸ்னு எழுதியிருப்பாங்க. இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, வியாதி பேரு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், இன்ஷூரன்ஸ் பணம் வராது, பக்கத்து வீட்டுக்காரன் பேசமாட்டான்னு பயந்து குடும்பம் கெஞ்ச, டாக்டரும் ப்ராங்கைட்டிஸ்னு (மூச்சுக்குழாய் அழற்சி) எழுதிக் குடுத்துடுவாரு. நியூயார்க்ல சுகாதாரத் துறை டாக்டர் ஹெர்மன் பிக்ஸ் 1897-ல டாக்டருங்க எல்லாரும் கேஸை கண்டிப்பா ரிப்போர்ட் பண்ணணும்னு கொண்டு வந்தப்ப டாக்டருங்களே எதிர்த்து நின்னாங்க. ஸோ இருபத்தஞ்சு முப்பது வயசுல ஒருத்தர் மாசக்கணக்கா ப்ராங்கைட்டிஸ்ல கிடந்து செத்தாருன்னு இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

அடுத்தது ஊர் சுகாதார அதிகாரியோட வருஷாந்திர ரிப்போர்ட். லண்டன் பேட்டைகளோட ரிப்போர்ட் எல்லாம் லண்டன்ல இருக்கற வெல்கம் கலெக்‌ஷன் லைப்ரரி ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல ஃப்ரீயா வெச்சிருக்கு. எத்தனை கேஸ் பதிவாச்சு, எத்தனை சாவு, எத்தனை வீட்டுக்கு மருந்தடிச்சாங்க எல்லாம் அதுலயே இருக்கும். ஆனா நம்பரைப் பாத்து உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. இங்கிலாந்துல 1909-ல அரசாங்க உதவி வாங்கற ஏழைங்க கேஸை மட்டும்தான் பதிவு பண்ணணும், 1911-ல ஆஸ்பத்திரி கேஸும் சேந்துச்சு, 1912-லேர்ந்து எல்லா நுரையீரல் கேஸும், 1913-ல உடம்புல எங்க வந்திருந்தாலும்னு ஆச்சு. அந்த நாலஞ்சு வருஷத்துல கணக்கு எகிறினா நோய் பரவிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, எண்ற விதம் மாறியிருக்கு. இதை கவனிக்காம பெரிய தொத்து வந்துச்சுன்னு எழுதறவங்களை நான் பாத்திருக்கேன். இன்னொரு விஷயம், பதிவான தேதியையும் செத்த தேதியையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, நடுவுல சில மாசம்தான் இருந்துச்சுன்னா கேஸு கைமீறினப்புறம்தான் டாக்டர்கிட்டயே வந்திருக்கு.

உண்மையான சரக்கு இருக்கறது டிஸ்பென்சரி (டிபிக்குன்னே இருந்த கிளினிக்) ரெக்கார்டுலதான். ராபர்ட் பிலிப்னு ஒரு டாக்டர் 1887-ல எடின்பரோல ஆரம்பிச்சது, அப்புறம் நிறைய ஊர்ல இதே மாடல். பேஷண்ட் வந்து காட்டிட்டுப் போனதோட முடியாது, நர்ஸ் வீட்டுக்கே வந்து எத்தனை ரூம், ஜன்னல் தொறக்குதா, நோயாளி தனியா படுக்கறாரா, வீட்ல வேற யாருக்கு இருமல் இருக்குன்னு குறிச்சுக்குவாங்க. பிரான்ஸ்ல லீல் ஊர்ல டாக்டர் கால்மெட் 1901-ல தொறந்த டிஸ்பென்சரில பேஷண்ட் துணியைத் துவைக்கவே தனி ஏற்பாடு இருந்துச்சு. இந்த மாதிரி கார்டு ஒண்ணு கைல சிக்கினா அந்த வீட்டுக்குள்ளயே போய் நின்ன மாதிரி இருக்கும்.

அந்தக் கார்டுல அடிக்கடி வர்ற ஒரு சாமான் சளி துப்பற கோப்பை. வீட்ல வெச்சுக்க அட்டைக் கோப்பை குடுப்பாங்க, நெறைஞ்சதும் அப்படியே எரிச்சிடணும். வெளிய போறவங்களுக்கு பாக்கெட்ல வெச்சுக்கற பாட்டில். டெட்வைலர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1889-ல கொண்டு வந்தது, அடர் நீலக் கண்ணாடி, மேல ஸ்ப்ரிங் மூடி, அடிப்பக்கம் திருகினா கழண்டு வரும், கழுவறதுக்கு. ஜெர்மன்காரங்க அதுக்கு நீல ஹென்றின்னு செல்லப் பேரே வெச்சுட்டாங்க. சளிக்கு இவ்ளோ பாடான்னு தோணும், ஆனா அன்னிக்கு மருந்துன்னு ஒண்ணு கிடையாதே. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943-லதான். அதுவரைக்கும் காத்து, ஓய்வு, பால், முட்டை, மீன் எண்ணெய், அவ்ளோதான்.

பாலும் முட்டையும் யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு பாக்கணும்னா சுகாதாரத் துறை ஃபைல்ல தேடி பிரயோஜனம் இல்ல, நிறைய ஊர்ல அது தர்ம கமிட்டிங்க பொறுப்பு, அவங்க வரவு செலவு நோட்டைக் கேளுங்க. டிபி நிதிக்காக கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் வித்த கணக்கும் அங்கதான் மாட்டும். டென்மார்க்ல ஐனார் ஹோல்பல்னு ஒரு போஸ்ட் ஆபீஸ் கிளார்க் 1904-ல ஆரம்பிச்ச ஐடியா அது, 1907-ல அமெரிக்கால டெலவேர்ல எமிலி பிஸ்ஸல் ஒரு சின்ன சானடோரியம் மூடிடக் கூடாதுன்னு 300 டாலர் சேக்கலாம்னு ஸ்டாம்பை ஒரு சென்ட்டுனு விக்கப் போய் 3000 டாலர் வந்துடுச்சு.

இதெல்லாம் முடிச்சுட்டு சானடோரியத்துக்கு வாங்க. லிஸ்ட்டுல டிஸ்சார்ஜ் கட்டத்துல அரெஸ்டட்னு போட்டிருந்தா குணமாயிட்டாருன்னு எடுத்துக்காதீங்க, நோய் அப்போதைக்கு அடங்கியிருக்கு, அவ்ளோதான். எடை எத்தனை பவுண்டு ஏறிச்சுன்னு பெருமையா எழுதியிருப்பாங்க, அந்த ஆளு பேரை அடுத்த அஞ்சு வருஷ சாவு ரிஜிஸ்டர்லயும் ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க. பிரிட்டன்ல பேஷண்ட் ஃபைலை பெரும்பாலும் நூறு வருஷம் வரைக்கும் பூட்டித்தான் வெப்பாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி எந்த வருஷம் வரைக்கும் காட்டுவீங்கன்னு ஆர்கைவ்ஸுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுட்டுப் போங்க.