பனிக்காலக் காலையில் காரைத் துப்புரவாக்கும் முறை

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் கராஜோ நிலத்தடித் தரிப்பிடமோ இல்லாதவர்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை பல காலைகளில் காரைப் பனிக்குள்ளிருந்து மீட்டெடுத்த பிறகே வேலைக்குப் புறப்பட முடிகிறது. அந்த அவசரத்தில் பலரும் முன்கண்ணாடியில் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு, கூரையில் ஒரு சாண் பனியைச் சுமந்தபடியே வீதியில் இறங்கிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தான பழக்கம். வேலைகளைச் சரியான வரிசையில் செய்தால், சாதாரணப் பனிப்பொழிவுக்குப் பின் முழுக் காரையும் துப்புரவாக்கக் கால் மணி நேரமே போதுமானது.

கூரையை ஏன் விடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீற்றருக்கு 50 முதல் 100 கிலோ வரை எடை கொண்டது. ஈரப்பனியோ 200 கிலோவையும் தாண்டக்கூடியது. கூரையின் பரப்பை 2 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. உயர ஈரப்பனி ஏறத்தாழ 80 கிலோ, அதாவது வளர்ந்த ஒரு மனிதரின் எடை. காருக்குள் சூடு பரவியதும் இதன் அடிப்பகுதி இளகி வழுக்கத் தொடங்கும். பிரேக்கை அழுத்திய கணத்தில் மொத்தமும் முன்கண்ணாடியில் சரிந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில் அதே பனி, சில வேளைகளில் கெட்டியான பனிக்கட்டித் தகடாக, பின்னால் வருபவரின் கண்ணாடி மீது பறந்து விழும். இவ்வாறு ஓர் இளம்பெண்ணின் உயிர் போனதால்தான் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பென்சில்வேனியாவும் 2022இல், பனிப்பொழிவு நின்ற 24 மணி நேரத்துக்குள் வாகனத்தின் மேலுள்ள பனியை அகற்ற முயல வேண்டும் என்று சட்டமியற்றியது. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், முன்னும் பக்கங்களிலும் தெளிவாகத் தெரியாத நிலையில் வாகனத்தை வீதியில் ஓட்டக்கூடாது என்கிறது. இலக்கத்தகடும் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

ஆயத்தங்கள் முதல் நாள் இரவே தொடங்குகின்றன. நுரைத்தலை பொருத்திய நீண்ட கைப்பிடித் தூரிகை, பிளாஸ்ரிக் சுரண்டி, சிறிய மண்வாரி, நீர் புகாத கையுறை ஆகியவை தேவை. இவற்றில் ஒரு சுரண்டியையும் தூரிகையையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. கதவுகள் உறைந்து ஒட்டிக்கொண்டால் காருக்குள் இருக்கும் கருவிகளால் பயனில்லை. கண்ணாடி கழுவும் திரவம் மறை 40 பாகை (−40°C) வரை உறையாத வகையாக இருக்கட்டும். அதில் பெரும்பாலும் மெதனோல் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே வைப்பரை நிறுத்திவிடுங்கள். கண்ணாடியோடு உறைந்துவிட்ட வைப்பர், காலையில் காரை இயக்கியதும் தானாக அசைய முற்பட்டால், அதன் இறப்பர் கிழியலாம், மோட்டாரும் பழுதாகலாம்.

காலையில் வெளியே வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் காரின் பின்புறம். புகைக்குழாயின் வாயையும் அதைச் சுற்றியுள்ள பனியையும் மண்வாரியால் முழுமையாக அகற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். குழாய் அடைபட்டிருந்தால் வெளியேற வேண்டிய காபன் மொனொக்சைட்டு காருக்குள் புகுந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2016 ஜனவரியில் பெரும் பனிப்புயலுக்குப் பின், நியூ ஜேர்சியின் பஸாயிக் நகரில், தந்தை வெளியே பனியை அள்ளிக்கொண்டிருக்க, குளிருக்காக இயங்கும் காருக்குள் அமர்ந்திருந்த தாயும் இரு குழந்தைகளும் இறந்துபோனார்கள். அந்தக் காரின் புகைக்குழாய் பனியால் அடைபட்டிருந்தது. ஆகவே நீங்கள் துப்புரவாக்கி முடிக்கும் வரை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்குள்ளிருந்தே தொலைவிசையால் காரை இயக்குபவர்கள், இரவு கடும் பனி பெய்திருந்தால், அந்த வசதியை மறந்துவிடுவதே நல்லது. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மின்கார்களில் இந்தக் கவலை இல்லை. மின்னேற்றியில் இணைந்திருக்கும்போதே உட்புறத்தைச் சூடாக்கிக்கொண்டால் மின்கலத்தின் சேமிப்பும் குறையாது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காற்றை முன்கண்ணாடியை நோக்கித் திருப்பி, சூட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உட்காற்றையே சுழலவிடும் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். மூச்சின் ஈரம் உள்ளேயே சுற்றினால் கண்ணாடி மறுபடியும் மங்கிவிடும். குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று தோன்றலாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், சூட்டோடு சேர்த்து இயக்கும்போது உட்புற மங்கல் விரைவில் மறையும். பின்கண்ணாடியின் சூடேற்றியையும் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். நீங்கள் கூரையைக் கவனிக்கும் நேரத்தில் கண்ணாடிகள் இளகத் தொடங்கியிருக்கும்.

கூரையைத்தான் முதலில் துப்புரவாக்க வேண்டும், ஏனெனில் அங்கிருந்து தள்ளும் பனி எப்படியும் கண்ணாடிகளின் மேல்தான் விழும். ஒரு பக்கத்தில் நின்று நடுவிலிருந்து உங்களை நோக்கி இழுத்துவிட்டு, மறுபக்கம் போய் அதையே செய்யுங்கள். பனி ஆழமாக இருந்தால் மேற்பாதியை முதலில் தள்ளிவிட்டு மீதியைப் பிறகு எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள மணல்துகள் வண்ணப்பூச்சைக் கீறிவிடும். உலோக மண்வாரியும் வீட்டுத் துடைப்பமும் காரின் உடலில் படக்கூடாது. உயரமான வாகனங்களில் கதவு வாசற்படியில் ஏறி நின்று எட்டுவது வழுக்கி விழுவதில் முடியலாம். அதைவிட நீண்ட கைப்பிடி வாங்குவது மலிவானது. கூரை முடிந்ததும் கண்ணாடிகள், அடுத்துப் பானெட், டிக்கி என்று கீழிறங்குங்கள். பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் இடையிலுள்ள துளைகளின் வழியாகத்தான் காருக்குள் காற்று வருகிறது. அந்த இடத்தைக் கையால் துழாவியாவது சுத்தமாக்க வேண்டும்.

உறைமழை பெய்த பின் நிலைமை வேறு. 2013 டிசம்பரில் ரொறன்ரோவை முடக்கிய பனிக்கட்டிப் புயலைக் கண்டவர்களுக்கு, கார் முழுவதும் கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும் அந்தப் படலம் நினைவிருக்கும். அதைத் தட்டி உடைக்க முயலாதீர்கள். உள்ளிருந்து வரும் சூடு படலத்தின் அடிப்பகுதியை இளக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு ஓரத்திலிருந்து சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் துண்டு துண்டாகக் கழன்றுவரும். மருந்தகத்தில் கிடைக்கும் 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து தெளித்தால் இளகுவது விரைவாகும். கொதிநீரை ஊற்றுவது தவறு. திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி வெடிக்கலாம், வழிந்த நீரும் கதவிடுக்குகளில் மீண்டும் உறையும். கத்தி வேண்டாம். உப்பும் வேண்டாம். உட்புறத்தில் உறைபனி படிந்திருந்தால், அதைச் சூடேற்றியே அகற்றுங்கள். பின்கண்ணாடியின் உட்பக்கத்தில் சுரண்டினால் சூடேற்றும் மெல்லிய கம்பிகள் அறுந்துபோகும்.

திறக்க மறுக்கும் கதவை வெடுக்கென்று இழுத்தால் ஓரத்து இறப்பர் பிய்ந்துவிடும். முதலில் உள்ளங்கையாலோ முழங்கையாலோ அதன் ஓரங்களை உள்நோக்கி அழுத்துங்கள். பனிக்கட்டி நொறுங்கி ஒட்டு விட்டுப்போகும். அதுவும் உதவாவிட்டால் வேறு கதவால் ஏறி உள்ளே சூடேற்றலாம். இலையுதிர்காலத்திலேயே அந்த இறப்பரில் சிலிக்கோன் தெளிப்பைப் பூசிவைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

விளக்குகளைக் கவனிக்கப் பலரும் தவறுகிறார்கள். பழைய விளக்குகள் தம் சூட்டினாலேயே பனியை ஓரளவு உருக்கின. இன்றைய எல்இடி விளக்குகளின் முகப்பு குளிர்ந்தே இருப்பதால் பனி அப்படியே தங்கிவிடும். எனவே முன்விளக்கு, பின்விளக்கு, திரும்புவிளக்கு எல்லாவற்றையும் கையால் துடைத்துவிடுங்கள். பின்புறக் கமராவையும் துடையுங்கள்; முன்பக்கத்து ரேடார் மூடியிருந்தால் தானாகப் பிரேக் போடும் வசதி செயற்படாமல் போகலாம். சக்கரத்தின் உட்புறத்தில் ஒட்டிய பனிக்கட்டி வேகத்தில் ஸ்ரியரிங்கை அதிரச்செய்யும்; அதையும் தட்டிவிடுங்கள்.

அள்ளிய பனியை வீதியில் எறியாதீர்கள்; ஒன்ராறியோவில் அதற்கு அனுமதி கிடையாது, அடுத்து வருபவரின் கார் அதில் வழுக்கவும் கூடும். ஏறுவதற்கு முன் சப்பாத்துகளைத் தட்டிவிட்டு ஏறுங்கள், ஏனெனில் உள்ளே உருகும் பனியே கண்ணாடியை மறுபடியும் மங்கவைக்கிறது. நீண்ட பயணமானால், வீதியில் தூவிய உப்புநீர் விளக்குகளிலும் கமராவிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். எரிபொருள் நிரப்ப நிற்கும்போதெல்லாம் அவற்றை ஒரு முறை துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.