இம்பிளாண்ட் பல்லைச் சுற்றி ஈறு வீங்கினால் என்ன செய்வது?

இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் துண்டுதான் இம்பிளாண்ட். அதற்குச் சொத்தை விழாது. அதைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் கெடும். இயற்கையான பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புதைந்து, கிருமிகளுக்கு ஓரளவு தடுப்பாக நிற்கின்றன. டைட்டானியத்துக்குள் நார்கள் புதைவதில்லை, அதை ஒட்டியபடி ஓடுகின்றன, அவ்வளவுதான். வேரைச் சுற்றியிருக்கும் சவ்வும் அங்கே கிடையாது, அதன் வழியாக வரும் ரத்த ஓட்டமும் கிடையாது. அதனால் ஈறோரத்தில் பற்படலம் (பல்லில் ஒட்டும் கிருமிப் படிவு) தங்கினால், அழற்சி எலும்பை நோக்கி இறங்குவது எளிது.

முதல் கட்டத்தில் ஈறு மட்டும்தான் வீங்கியிருக்கும். அதை முழுமையாகச் சரிசெய்ய முடியும். அடுத்த கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. இரண்டு கட்டத்திலும் பெரும்பாலும் வலி இருக்காது என்பதுதான் ஆபத்து. வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள்தான் எலும்பை இழக்கிறார்கள்.

கீழே உள்ளவை இம்பிளாண்ட் ஆறி, மேலே கேப் (செயற்கைப் பல்) போட்டவர்களுக்கு. தையல் இன்னும் பிரிக்காதவர்கள் அறுவை செய்த டாக்டர் சொன்னதை மட்டும் பின்பற்றுங்கள்.

படி 1: கண்ணாடி முன் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கி, இரு பக்கத்து ஈறோடு ஒப்பிடுங்கள். சிவப்பு, பளபளப்பான வீக்கம், துலக்கும்போது ரத்தம் என்றால் சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குங்கள். விரலால் மெல்ல அழுத்தும்போது சீழ் வந்தாலோ, ஈறு இறங்கி உலோகம் தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல், முகவீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் ஆடுகிறதா? கேப்போ, அதை இம்பிளாண்டோடு இணைக்கும் திருகோ தளர்ந்திருக்கலாம், அதை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். இம்பிளாண்டே ஆடினால் அது எலும்பிலிருந்து விட்டுப்போய்விட்டது என்று பொருள், எடுக்கத்தான் வேண்டும். இரண்டில் எது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். நீங்கள் ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

புகைப்பவர்களுக்கு ஒன்று: புகை ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும். ரத்தம் வரவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

படி 2: சுத்தம் செய்வதை நிறுத்தாதீர்கள்

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. படலம் சேரச் சேர ரத்தம் கூடத்தான் செய்யும்.

மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தை நோக்கி 45 டிகிரி சாய்த்து, சின்ன அசைவுகளாகக் காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குங்கள். உள்பக்கம், அதாவது நாக்குப் பக்கம், தப்பிப்போகும் இடம். கரி கலந்த பேஸ்ட், சொரசொரப்பான பல்பொடி இரண்டும் வேண்டாம்.

இரவில் ஒரு முறை பல்லிடுக்கு பிரஷ். நடுக்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். லேசான உரசலோடு நுழைய வேண்டும். திணிக்க வேண்டியிருந்தால் அளவு பெரிது, தடையே இல்லாமல் போய்வந்தால் சிறிது. இரு பக்கமும் ஐந்தாறு முறை உள்ளே விட்டு எடுத்தால் போதும். இடுக்கு நூல் பயன்படுத்தினால் ஈறுக்கடியில் ஆழமாக இறக்காதீர்கள். இம்பிளாண்டின் சொரசொரப்பான பகுதி வெளியே தெரிந்தால் நூலின் இழைகள் அதில் சிக்கி, அதுவே புது அழற்சிக்குக் காரணமாகிவிடும்.

படி 3: கொப்பளிப்பு

250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு மூன்று முறை. இதமாக இருக்கும், ஆனால் படலத்தைப் பெயர்க்காது.

டாக்டர் சொன்னால் 0.2% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பு மருந்து) 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, இரண்டு வாரம் வரை. துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள், பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைக்கும். நாட்கள் நீண்டால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவை மாறும்.

ஊசியாலோ குண்டூசியாலோ காரையை, அதாவது கல்லாக இறுகிய படலத்தை, சுரண்டாதீர்கள். மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். படலமும் காரையும் அங்கேயே இருக்கும்வரை மாத்திரை மட்டும் நோயைத் தீர்க்காது.

படி 4: டாக்டரிடம் போகும்போது

கேப் போட்ட நாளில் எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் வருடத்தில் எலும்பு கொஞ்சம் இறங்குவது இயல்பு. நோயா இல்லையா என்று சொல்ல பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். பழைய எக்ஸ்ரே இல்லையென்றால் ஈறுப்பையின் (ஈறுக்கும் இம்பிளாண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கின்) ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல், எலும்பு இழப்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல், தொட்டால் ரத்தம் அல்லது சீழ் ஆகியவை சேர்ந்திருந்தால் எலும்பைப் பாதித்த நோய் என்று கொள்கிறார்கள்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: கேப் திருகில் நிற்கிறதா, சிமென்ட்டில் ஒட்டியதா? ஈறுக்கடியில் மிஞ்சிய சிமென்ட் துணுக்கு படலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை எடுக்காமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வீக்கம் திரும்பும். கேப் தடித்து பிரஷ் நுழைய இடமில்லாமல் இருந்தால், அதை மாற்றி அமைப்பதும் சிகிச்சைதான்.

ஈறு மட்டும் பாதிப்பு என்றால் டைட்டானியக் கருவி, பிளாஸ்டிக் முனை, நுண்பொடி பீச்சும் கருவி ஆகியவற்றால் சுத்தம் செய்வார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஈறு அடங்கச் சில வாரம் ஆகும், நாலு நாளில் மாறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எலும்பும் பாதித்திருந்து, சுத்தம் செய்தபிறகும் ஆழமும் ரத்தமும் குறையவில்லை என்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை. கிண்ணம் போலக் குழிந்த இடமானால் எலும்புத்தூள் வைத்து நிரப்பிப் பார்ப்பார்கள். அறுவைக்குப்பின் ஈறு இறங்கி பல் நீளமாகத் தெரியலாம், முன்பல்லென்றால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்கள் ஆகியோருக்கு இது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் இம்பிளாண்டைக் காட்ட வேண்டும்.