அட்வான்ஸைக் கோட்டைவிடும் வழிகள்: வாடகை வீட்டைக் காலி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டைக் காலி செய்துவிட்டு அட்வான்ஸ் கேட்டுப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "அடுத்த ஆளு வரட்டும், பெறவு தாறேன்." கேட்கும்போது நியாயமாகக்கூடத் தோன்றும். நீங்கள் கொடுத்த பணம் என்றைக்கோ மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ போயிருக்கும். புதிதாக வருகிறவர் தரும் பணத்தை வாங்கித்தான் உங்களுக்குத் தர முடியும் என்பது வீட்டுக்காரரின் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவுப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த ஆள் வருவதும் வராததும் வீட்டுக்காரர் பாடு.

ஆனாலும் பணம் நிற்கிறது. சட்டம் இல்லாததால் இல்லை. காலி செய்கிற அன்றைக்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதால்.

சாவி கொடுக்கிற நாள்

வாசலில் டெம்போ நிற்கும், மழை வேறு தூறும், பீரோவை இறக்க ஆள் போதாது. அந்த அவசரத்தில் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து "அண்ணாச்சி வந்தா குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். அந்த நிமிடத்தோடு உங்கள் கையில் இருந்த பிடி போயிற்று. நீங்கள் எந்தத் தேதியில் காலி செய்தீர்கள் என்பதற்கே சாட்சி இல்லை. பத்து நாள் கழித்து வீட்டைத் திறந்து பார்க்கிறவர், குளியலறைக் கதவு உடைந்திருக்கிறது என்றால் அதை மறுக்கவும் வழியில்லை.

அதற்காக, பணம் வரும்வரை சாவி தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் சரியல்ல. இந்த ஊரில் பலரும் தரும் யோசனை அது. கேட்டுவிடாதீர்கள். வாடகைக் காலம் முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் வைத்திருந்தால், முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும் அதற்குப் பிறகு நான்கு மடங்கும் கேட்க அதே 2017 சட்டம் வீட்டுக்காரருக்கு வழி தருகிறது. அட்வான்ஸைக் காப்பாற்றப் போய் அதற்கு மேலும் கொடுக்க வேண்டிவரும்.

சரியான வழி மிகச் சாதாரணமானது. சாமான்களை ஏற்றிய பிறகு, காலி வீட்டை வீட்டுக்காரரோடு அறை அறையாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு தாளில் தேதி, மின் மீட்டரின் அளவு, கொடுத்த அட்வான்ஸ், கழிக்கும் தொகை எது எதற்கு, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாவி பெற்றுக்கொண்டேன் என்ற வரியும் அதில் இருக்கட்டும். கையெழுத்துக்குத் தயங்கினால், அதே விவரங்களை அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

கையில் பணம் இல்லை, அடுத்த மாதம் தருகிறேன் என்றால் பின்தேதியிட்ட காசோலை கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. வாய்ச்சொல்லுக்கும் காசோலைக்கும் உள்ள வித்தியாசம், திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. பணமில்லை என்று வங்கி திருப்பி அனுப்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்றவழக்கே போடலாம். காசோலை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் அலமாரியில் வைத்து மறந்துவிடக் கூடாது.

பெயின்ட் காசு

அட்வான்ஸில் அதிகம் காணாமல் போவது இந்தப் பெயரில்தான். ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கு என்று கழித்துக்கொள்வது பல இடங்களில் எழுதாத வழக்கமாகிவிட்டது. எத்தனை வருடம் குடியிருந்தாலும் அதே ஒரு மாதம். ஆறு மாதத்தில் காலி செய்தாலும் அதே ஒரு மாதம். பிறகு அந்தச் சுவரில் தூரிகை படுவதும்கூட எப்போதும் நடப்பதில்லை!

2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். தண்ணீர் திறக்கும் பைப்பும் அதன் வாஷரும், சுவிட்ச், பிளக், வாஷ்பேசின், கழிவறைப் பழுது, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் பெயின்ட் செலவு உங்களுடையது என்று எழுதியிருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். அதைப் பேச வேண்டிய நேரம் குடிபுகும் முன்பு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். வெளிச்சுவரில் பாசி, மாடிக்குக் கீழுள்ள அறையில் ஈரக்கறை, குளியலறையை ஒட்டிய சுவரில் பொரிந்துபோன பெயின்ட் என இவையெல்லாம் வரத்தான் செய்யும். குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இவை நீங்கள் செய்த சேதம் அல்ல, சாதாரணத் தேய்மானம். ஆனால் டிவி மாட்ட எட்டு ஓட்டை போட்டிருந்தால், பிள்ளைகள் சுவரெல்லாம் படம் வரைந்திருந்தால், அதற்குக் காசு கேட்பதில் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு, எவ்வளவு என்று மட்டும் பேசுங்கள். கொத்தனாரோ பெயின்டரோ தந்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒழுகும் பைப்பையும் எரியாத சுவிட்சையும் கடைசி வாரத்தில் நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிடுவது லாபம். நூறு ரூபாய் வாஷர், கழிக்கிற கணக்கில் ஆயிரமாகிவிடும்.

இதற்கெல்லாம் அடிப்படை, குடிபுகுந்த நாளில் எடுக்கும் படங்கள். ஹாலை மட்டும் அழகாக எடுப்பதில் பயனில்லை. ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே எடுங்கள்: குளியலறை மேற்கூரை, சமையலறைத் தொட்டிக்கு அடிப்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, தரையில் விரிசல் விட்ட டைல்ஸ், கதவின் அடிக்கட்டை. எடுத்த படங்களை அன்றே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் கிடக்கும் படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று பிறகு சண்டை வரும். அவருக்குப் போய்ச் சேர்ந்த படத்துக்கு வராது.

வீட்டுக்காரர் கல்ஃபில், வாடகை வாங்குவது மச்சினன்

இந்த மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வீடு துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பவர் பெயரில். பேசி, அட்வான்ஸ் வாங்கி, சாவி தந்தது அவருடைய அப்பாவோ மச்சினனோ. காலி செய்யும்போது, "பைசா அவன்கிட்டதான இருக்கு" என்று இங்கே ஒருவர். "நான் வாங்கவே இல்லையே, அவங்ககிட்ட கேளுங்க" என்று அங்கே ஒருவர். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

அட்வான்ஸை எப்போதும் ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்துப் போடுகிறவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். உறவினர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் "அட்வான்ஸ்" என்று எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது வாடகைப் பாக்கி என்று சொல்லிவிடவும் முடியும்.

சிறியவை போலத் தெரியும் வேறு சில

காலி செய்வதை வாயால் சொல்வது போதாது. ஒப்பந்தத்தில் ஒரு மாதம் முன்பு என்றிருந்தால் அந்த ஒரு மாதம் எழுத்தில் சொன்ன நாளிலிருந்து ஓடட்டும்.

கடைசி மாதங்களின் வாடகையைத் தராமல் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று நீங்களாக முடிவுசெய்வதும் தவறுதான். ஆனால் வீட்டுக்காரரிடம் பணம் புரளாது என்று தெரிந்தால், இரண்டு மாதம் முன்பே வெளிப்படையாகப் பேசி அவர் சம்மதத்தைச் செய்தியாக வாங்கிக்கொண்டு கழிப்பதுதான், என்னைக் கேட்டால், இருவருக்கும் நல்லது. பணம் திரும்பி வருமோ என்ற கவலையே பாதி தீர்ந்துவிடும்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நடுவில் காலி செய்தால் உங்கள் யூனிட்டும் அடுத்து வருகிறவர் யூனிட்டும் ஒரே பில்லில் சேரும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு அட்டவணைக்குப் போய்விடும். மீட்டர் அளவைப் படமெடுத்து, அன்றைய தேதிவரைக்குமான தொகையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இன்னும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது. 2017 சட்டமோ காலம் எவ்வளவாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்கிறது, இணையத்திலேயே செய்யலாம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

ஒத்திக்கு வீடு எடுத்தவர்கள் கதை தனி. மாத வாடகை இல்லை என்று சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி, இரண்டு சாட்சிகளோடு பதிவுசெய்த பத்திரமாக இருந்தால்தான் ஒத்தியாகச் செல்லும். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் ஒத்திப்பணம் கொடுக்கவே கூடாது.

ஒரு மாதம் தாண்டியும் வராவிட்டால்

பலர் முதலில் போகிற இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே கூப்பிட்டுப் பேசி வைப்பார்கள். சில நேரம் பணமும் வரும். ஆனால் இது உரிமையியல் விவகாரம், தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அடுத்து, மாவட்ட நீதிமன்றத்தோடு இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள், கட்டணம் இல்லை. அதிலும் முடியாவிட்டால் வக்கீல் வைத்து வாடகை நீதிமன்றம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு கடந்துவிட்டால் வழக்குக்குக் காலாவதி வந்துவிடும் என்பதால், "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்பதை எத்தனை முறை கேட்பது என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் போதும்: வீட்டு முகவரி, குடிபுகுந்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், எந்த வழியாகக் கொடுத்தது, சாவி ஒப்படைத்த தேதி, வர வேண்டிய தொகை, உங்கள் வங்கிக் கணக்கு எண், பதினைந்து நாள் கெடு. திட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் ஒன்றாகப் பின் போட்டு வையுங்கள்.