பென் டிரைவில் மறைந்துபோன கோப்புகளை வெளிக்கொணர்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

ரீயூனியன் தீவின் சேன்-ஆந்த்ரேயில் எங்கள் கோவில் தமிழ் வகுப்பின் பாடத்தாள்களும் தீமிதிப் படங்களும் இருந்த பென் டிரைவை, அச்செடுக்கும் கடையொன்றின் கணினியில் செருகி எடுத்த பிறகு திறந்தால், குறுக்குவழிச் சின்னம் ஒன்று மட்டுமே தெரிந்தது. ஆனால் அதன் பண்புகள் பெட்டியில் பயன்படுத்தப்பட்ட இடம் சற்றும் குறையவில்லை. இடம் குறையாவிட்டால் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

விண்டோஸில் ஒவ்வொரு கோப்பும் தன் பெயருடன் சில குறிகளையும் சுமந்திருக்கும். படிக்க மட்டும் என்பதற்கு ஆர், மறை என்பதற்கு எச், அமைப்பு என்பதற்கு எஸ், காப்பகம் என்பதற்கு ஏ. இவை கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. அதை மென்பொருள்கள் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை மட்டுமே சொல்கின்றன.

முதலில் பென் டிரைவை, விண்டோஸுடனே வரும் நச்சுநிரல் (வைரஸ்) தடுப்பானான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரால் சோதியுங்கள். கோப்புகளை மறைத்த நச்சுநிரல் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வெளிக்கொணரும் கோப்புகளை அது மீண்டும் மறைத்துவிடும். குறுக்குவழிச் சின்னத்தை ஒருபோதும் இருமுறை சொடுக்காதீர்கள்.

அடுத்து, தொடக்கப் பட்டியில் சிஎம்டி என்று தேடிக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பென் டிரைவுக்கு விண்டோஸ் தந்திருக்கும் ஆங்கில எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி உள்ளே செல்லுங்கள். பிறகு இக்கட்டளையை இடுங்கள்:

அட்ரிப் -எஸ் -எச் *.* /எஸ் /டி

இதை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். அட்ரிப் என்பது அட்ரிபியூட் என்னும் சொல்லின் முதல் ஆறு எழுத்துகள். விண்டோஸ் பிரெஞ்சு மொழியில் இருந்தாலும் கட்டளை மாறாது. நம் தீவில் பரவலாக உள்ள அசெர்ட்டி விசைப்பலகையில் சிறுகோடு 6ஆம் எண் விசையில் ஷிஃப்ட் இல்லாமலே வரும். சாய்கோட்டிற்கு ஷிஃப்டுடன் முக்காற்புள்ளி விசையை அழுத்த வேண்டும். கடைசியில் உள்ள /எஸ் உட்கோப்புறைகளிலுள்ள கோப்புகளையும், /டி கோப்புறைகளையும் சேர்த்துக்கொள்ளும்.

பலரும் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். மறைந்த கோப்புதானே என்று எண்ணி -எச் மட்டும் கொடுத்தால், அமைப்புக் கோப்பு மாற்றப்படவில்லை என்னும் பொருள்படும் வரியொன்று வந்து நிற்கும். கோப்பு இருந்தபடியே இருக்கும். எச், எஸ் இரண்டும் ஒருங்கே இடப்பட்ட கோப்பில், இரண்டையும் ஒரே கட்டளையில்தான் நீக்க முடியும். பண்புகள் பெட்டியில் மறை என்னும் கட்டம் சாம்பல் நிறத்தில் உறைந்திருப்பதற்கும் எஸ் குறியே காரணம். மறைந்தவற்றைக் காட்டும்படி, கோப்புகளைப் பார்க்கும் சாளரமான எக்ஸ்ப்ளோரரில் தேர்ந்தெடுத்தாலும் இக்கோப்புகள் தெரியாது; பாதுகாக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளை மறைக்கும் தேர்வு தனியே இருக்கிறது.

கோப்புகள் வெளிப்பட்டதும் போலிக் குறுக்குவழிகளை அழித்துவிடலாம். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்னும் கோப்புறையும் கண்ணில் படக்கூடும். அது விண்டோஸ் தானே உருவாக்கியது, விட்டுவிடுங்கள். இதே வேலையைச் செய்வதாகக் கூறும் இலவச மென்பொருள்கள் பல உண்டு. கணினியிலேயே கட்டளை இருக்கும்போது, முன்பின் அறியாத மென்பொருளை நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இக்கட்டளையை சி வட்டில் இயக்க வேண்டாம். கோப்புறைக்குத் தனிச் சின்னமோ பெயரோ தரும் டெஸ்க்டாப் ஐஎன்ஐ கோப்பை, அந்தக் கோப்புறையில் ஆர் அல்லது எஸ் குறி இருந்தால்தான் எக்ஸ்ப்ளோரர் படிக்கும். குறியை நீக்கினால் அந்தத் தோற்றம் போய்விடும்.

பிற்சேர்க்கை: வாசகர் இருவரின் கேள்விகளால் இப்பகுதியைச் சேர்க்கிறேன். காப்புநகல் எடுக்கும் கட்டளைக்கோப்பு சில கோப்புகளை விட்டுவிடுகிறது என்றார் ஒருவர். காப்பி கட்டளை மறைந்த கோப்புகளைக் காணாது. எக்ஸ்காப்பியுடன் /எச் சேர்த்தால் அவையும் வரும். மற்றொருவரின் பைத்தான் நிரல், மறைந்த அமைவுக் கோப்பைத் தடையின்றிப் படிக்கிறது, ஆனால் எழுதுவதற்காகத் திறக்கும் டபிள்யூ முறையில் எழுத முயன்றால் அனுமதி மறுப்புப் பிழை 13 வருகிறது. அம்முறை கோப்பைப் புதிதாக உருவாக்கும்படி விண்டோஸைக் கேட்கிறது. ஏற்கெனவே அதே பெயரில் உள்ள கோப்பில் மறை குறி இருந்து, கோரிக்கையில் அது இல்லாவிட்டால் விண்டோஸ் மறுத்துவிடும். நிர்வாகி உரிமையுடன் இயக்கினாலும் பயனில்லை. இருக்கும் கோப்பையே படிக்கவும் எழுதவும் திறக்கும் ஆர் கூட்டல் (r+) முறையில் திறந்து, உள்ளடக்கத்தை வெட்டிவிட்டு எழுதினால் குறியும் நிலைக்கும், நிரலும் ஓடும்.