வாதக் கிளினிக்குக்குப் போறாக்களுக்கு: சைற்றோகைனை விளங்கிக்கொண்டு மருந்து குடிக்கிறது எப்பிடி

அம்மான்ர கிளினிக் கொப்பி இப்ப மூண்டாவது. முதல் கொப்பி முடியிற வரைக்கும் எங்கட வீட்டில ஒருதருக்கும் சைற்றோகைன் எண்ட சொல்லே தெரியாது, நோ வந்தா டைக்குளோஃபெனக், நோ விட்டா கிளினிக்கில தந்த குளிசையையும் சேத்து நிப்பாட்டுறது, திரும்ப நோ வந்தா விழுந்தடிச்சு ஓடுறது, இதுதான் எங்கட வைத்தியமா இருந்தது. அப்பிடி விளையாடினதில அம்மான்ர வலக்கையில ரெண்டு விரல் சரிஞ்சு போட்டுது, அது இனி நிமிராது. நான் டொக்டர் இல்லை, கிளினிக் வாங்கில இருந்து இருந்து கேட்டதையும் வாசிச்சதையும் வச்சுத்தான் எழுதுறன். கை கால் மூட்டு வீங்கிற ருமற்றொயிட், மூட்டு தோல் எண்டு கனக்க இடத்தைத் தாக்கிற லூப்பஸ், நாரி இறுகிற அங்கிலோசிங் எண்டு உங்கட வீட்டில ஆருக்கும் இருந்தா உதவும்.

முதல்ல சாமான் என்னெண்டு பாப்பம். ராத்திரி ஒழுங்கைக்குள்ள ஒரு ஆள் கள்ளன் கள்ளன் எண்டு கத்தினா என்ன நடக்கும்? பக்கத்து வளவுக்காரன் ரோச் லைற்றோட வருவான், முன்வீட்டு ஐயா பொல்லோட வருவார், நாயள் எல்லாம் குலைக்கும், வாறவனும் என்ன ஏதெண்டு பாக்காமல் தானும் நிண்டு கத்துவான். சைற்றோகைன் எண்டது அந்தக் கத்தல்தான். உடம்பில இருக்கிற எதிர்ப்புச் செல்லுகள் வெளிய விடுற சின்னச் சின்னப் புரதம், ஒரு செல் விட்டா அதைப் பிடிக்கிற காது வச்சிருக்கிற மற்றச் செல் எழும்பும். கிருமி உள்ளுக்கு வந்தா இந்தக் கத்தல் கட்டாயம் வேணும், இல்லாட்டிச் செத்துப் போவம். இந்த வருத்தங்களில என்ன பிரச்சினையெண்டா கள்ளன் ஒருதரும் இல்லை, பிடிச்சு அடிக்கிறது வீட்டுக்காரனைத்தான், அடி விழ விழக் கத்தலும் கூடுது.

கத்துறதில கனபேர் இருக்கினம், ஒவ்வொரு சைற்றோகைனுக்கும் ஒவ்வொரு பேர். ருமற்றொயிட்டில பெரிய குரல் ரி.என்.எஃப், அதோட இன்ரலூக்கின் 6. கவுட் எண்ட மூட்டு வருத்தத்தில இன்ரலூக்கின் 1, யூரிக் அசிட் பளிங்கு மூட்டுக்குள்ள குத்தினவுடன அது எழும்பும், ஒடியல் கூழ் குடிச்ச ராத்திரி பெருவிரல் வீங்கி அலறின ஆக்களுக்கு ஆளைத் தெரியும். அங்கிலோசிங்கிலயும் சொறாயசிஸ் எண்ட தோல் வருத்தத்தோட வாற வாதத்திலயும் ரி.என்.எஃப்போட இன்ரலூக்கின் 17 சேருது. லூப்பஸில இன்ரஃபெரோன். அதாலதான் ஒராளின்ர மருந்து மற்றாளுக்குச் சரிவராது, இன்ரலூக்கின் 6 ஐ மறிக்கிற ரொசிலிசுமாப் ருமற்றொயிட்டுக்கு நல்லா வேலை செய்யும், அங்கிலோசிங்குக்குக் குடுத்துப் பாத்து சரிவரேல்லை. ரெண்டும் மூட்டு நோதானே எண்டு மச்சாளின்ர மருந்தை வாங்கிக் குடிக்கிற ஆக்கள் இதை ரெண்டு தரம் வாசியுங்கோ.

இவ்வளவு பேர் கத்தேக்க ஒராளை மறிச்சு என்ன வரப்போகுது எண்டு நானும் யோசிச்சனான், அந்தக் காலத்தில டொக்டர்மாரே அப்பிடித்தான் யோசிச்சவையாம். 1989 இல லண்டனில மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளரும், மைனி இஞ்ச பக்கத்தில பஞ்சாபில பிறந்த ஆள், ருமற்றொயிட் மூட்டில இருந்து எடுத்த செல்லுகளை வளத்து அதில ரி.என்.எஃப்பை மட்டும் மறிச்சுப் பாத்தினம், பாத்தா இன்ரலூக்கின் 1 உம் சேந்து அடங்கிட்டுது. முதல் கத்தினவன்ர வாயைப் பொத்தினா மற்றவை தானா வீட்ட போற மாதிரி. பேந்து 1992 இல சேரிங் குறொஸ் ஆஸ்பத்திரியில 20 நோயாளிகளுக்கு ரி.என்.எஃப்பை மறிக்கிற இன்ஃபிளிக்சிமாப் எண்ட மருந்தை ஏத்திப் பாத்தினம். இண்டைக்கு ஒரு குறிச்ச கத்தலை மறிக்க வாதக்காரருக்குப் போடுற பயோலொஜிக் ஊசியெல்லாம் அதுக்குப் பிறகு வந்ததுதான்.

சரி, இனி வீட்டு வேலைக்கு வருவம். நோவை வச்சு வருத்தத்தை அளக்காதேங்கோ. டைக்குளோஃபெனக், ஐபுபுறுஃபன் மாதிரிக் குளிசையள் மறிக்கிறது புறொஸ்ரகிளாண்டின் எண்ட நோச் சாமானை, கத்தலை இல்லை. நோ தெரியாமல் நீங்கள் சிரிச்சுக்கொண்டு திரிவியள், உள்ளுக்க ரி.என்.எஃப்பும் இன்ரலூக்கின் 6 உம் எலும்பு தின்னுற செல்லுகளை எழுப்பி விட்டுக்கொண்டே இருக்கும். அம்மான்ர விரல் சரிஞ்சது அவ நோ இல்லை எண்டு சொன்ன வரியங்களிலதான்.

நோவை விடப் பிரயோசனமான அளவு விடிய வாற இறுக்கம். இன்ரலூக்கின் 6 பின்னிராவில ஏறி விடியப்பறம்தான் உச்சத்தில நிக்கும், அதாலதான் ருமற்றொயிட்காரர் எழும்பேக்க கை கட்டின மாதிரிக் கிடக்கும், வெயில் ஏறேக்க விடும். சும்மா வயசுக்குத் தேஞ்ச மூட்டெண்டா இறுக்கம் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில போயிடும், இது அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம் எண்டு இழுக்கும். செய்யவேண்டியது இவ்வளவுதான், எழும்பின நேரத்தைப் பாருங்கோ, ஏதாவது ஒரு கைவேலையைத் தெரிவு செய்யுங்கோ, அது வழமை மாதிரிச் செய்ய ஏலும் எண்ட நேரத்தையும் பாருங்கோ, ரெண்டுக்கும் இடையில எத்தினை நிமிசம் எண்டு கலண்டரில எழுதுங்கோ. அம்மாவுக்கு நாங்கள் வச்சது இடியப்ப உரல். மாவைப் போட்டு உரலை ரெண்டு கையாலயும் அமத்தேக்க முதல் சுத்து இழுபடாமல் அறுந்தறுந்து விழுந்தா இன்னும் விடேல்லை, தட்டில வட்டமா வந்து இருந்தா விட்டிட்டுது. தோட்டுச் சுரையைக் கழட்டிப் பூட்டுறது, கிணத்தடியில வாளி தூக்கிறது, சட்டைப் பொத்தான், எதுவும் சரி, ஆனா ஒவ்வொரு நாளும் ஒரே வேலையா இருக்கோணும். நாரி இறுகிற பெடியளுக்கு இது வேற மாதிரி, விடியப்பறம் மூண்டு நாலு மணிக்கு நோ எழுப்பிவிடும், படுத்துக் கிடக்கக் கிடக்கக் கூடும், எழும்பி முத்தத்தில நடந்தாக் குறையும். இருபது முப்பது வயசுப் பெடியன் ஒருத்தன் மூண்டு மாசத்துக்கு மேல அப்பிடிச் சொன்னா, மோட்டச்சைக்கிள் ஓடினதால வந்த நோ எண்டு சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு இராதேங்கோ.

அடுத்தது றிப்போட். சி.ஆர்.பி எண்டது ஈரல் செய்யிற புரதம், செய்யச் சொல்லிக் கட்டளை போடுறது முக்கியமா இன்ரலூக்கின் 6. அப்ப சி.ஆர்.பியைப் பாக்கிறது கத்தலின்ர சத்தத்தை வெளியில நிண்டு கேக்கிற மாதிரி. அது கெதியா ஏறி கெதியா இறங்கும், இ.எஸ்.ஆர் எண்ட மற்ற ரத்தப் பரிசோதனை ஆறுதலா ஏறி ஆறுதலா இறங்கும், வயசும் ரத்தம் குறைஞ்சதும் கூட இ.எஸ்.ஆரைத் தூக்கிக் காட்டும், அதால ஒண்டு இறங்கி மற்றது நிக்குதெண்டு பயப்பிட வேண்டாம். ஆனா நம்பரைப் பாக்க முதல் அலகைப் பாருங்கோ. ஒரு லாப் லீற்றருக்கு மில்லிகிறாமில குடுக்கும், இன்னொரு லாப் டெசிலீற்றருக்குக் குடுக்கும், 12 உம் 1.2 உம் ஒரே அளவா இருக்கலாம். நாங்கள் ஒருக்கா 30 இல இருந்து 4 க்கு இறங்கிட்டுதெண்டு கோயிலில தேங்காய் உடைச்சனாங்கள், பாத்தா லாப் மாறி அலகு மாறியிருக்கு, 4 எண்டது உண்மையில 40. தேங்காய் போனது போனதுதான். ஏலுமெண்டா எப்பவும் ஒரே லாப்பில செய்யுங்கோ.

லூப்பஸ்காரருக்கு இதில ஒரு விசேசம், வருத்தம் நல்லா ஏறியிருக்கேக்கயும் கனபேருக்கு சி.ஆர்.பி பெரிசா ஏறாது, இ.எஸ்.ஆர் மட்டும் ஏறும். அவைக்கு சி.ஆர்.பி திடீரெண்டு பாய்ஞ்சா கிருமித் தொற்று ஏதும் இருக்கோ எண்டுதான் முதல்ல தேடுவினம்.

அதே றிப்போட்டில ஹீமோகுளோபினையும் பாருங்கோ. குறைஞ்சிருந்தா பக்கத்து வீட்டு அன்ரி முருங்கையிலை வறை, பேரீச்சம்பழம், இரும்புக் குளிசை எண்டு அடுக்குவா. முருங்கையிலை நல்லதுதான், ஆர் வேண்டாமெண்டது, ஆனா இன்ரலூக்கின் 6 ஈரலைக் கொண்டு ஹெப்சிடின் எண்டொரு சாமானைச் செய்விக்கும், அது குடலில இரும்பை எடுக்கிற வாசலையும் பூட்டும், உடம்பில இருக்கிற இரும்பையும் வெளிய விடாது. வருத்தம் அடங்கினாத்தான் பூட்டுத் திறக்கும். எங்கட வீட்டில ஒரு வரியம் இரும்பு குடிச்சு ஏறாத ரத்தம் கிளினிக்கில தந்த மெத்தோட்றெக்சேற் எண்ட வாதக் குளிசையை ஒழுங்காக் குடிச்ச அஞ்சாறு மாசத்தில தானா ஏறினது. உண்மையான இரும்புக் குறைவும் கூட இருக்கலாம், ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ரெஸ்ட் இருக்கு, கேளுங்கோ. இந்த வருத்தத்தோட வாற சொல்லேலாத அலுப்பும் சோம்பல் இல்லை, சைற்றோகைன் மூளைக்கும் கேக்கும், காய்ச்சல் நேரம் படுக்கச் சொல்லுறதும் இதே கத்தல்தான். மருமோளை நோகாதேங்கோ.

இனி மெத்தோட்றெக்சேற், இதில கொஞ்சம் நிண்டு எழுதப்போறன் ஏனெண்டா இதில உயிர் போகும். கிழமைக்கு ஒருக்காத்தான். ஒரு நாளுக்கு ஒருக்கா இல்லை, கிழமைக்கு ஒருக்கா. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அம்மம்மா மற்றக் குளிசையளோட சேத்து நாலைஞ்சு நாள் தொடந்து குடிச்சு, வாய் முழுக்கப் புண் வந்து தண்ணி விழுங்கேலாமல், வெள்ளைக் கலமும் இறங்கி வாட்டில கிடந்து தப்பினவ. குளிசைப் பையில எழுதினது சரியா விளங்கேல்லை, வீட்டிலயும் ஒருதரும் பாக்கேல்லை. நாங்கள் செய்யிறது, வியாழக்கிழமை எண்டு ஒரு நாளை வச்சிட்டம், வெள்ளி விரதம் அதால வெள்ளி வேண்டாம், ராச்சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிறது. கிழிக்கிற கலண்டரில எல்லா வியாழத்துக்கும் சிவப்புப் பேனையால முதலே கீறி வச்சிருக்கு, குடிச்சாப் பிறகுதான் அந்தத் தாளைக் கிழிக்கலாம். பெட்டி மற்றக் குளிசையளோட இல்லை, அலுமாரி மேல் தட்டில. 2.5 மில்லிகிறாமிலயும் 10 மில்லிகிறாமிலயும் குளிசை வரும், புதுசா வாங்கினா எண்ணிக்கையை நம்பாமல் மில்லிகிறாமைக் கூட்டிப் பாருங்கோ. இதோட தாற ஃபோலிக் அசிட் எண்ட விற்றமின் குளிசை டொக்டர் சொன்ன வேற நாளில. கோட்றைமொக்சசோல் எண்ட அன்ரிபயோற்றிக் இதோட சேரக்கூடாது, சலக்கடுப்புக்கு எங்கயாவது காட்டப் போனா மெத்தோட்றெக்சேற் குடிக்கிறன் எண்டு முதல்லயே சொல்லுங்கோ. கள்ளு சாராயம் ஈரலுக்குக் கூடாது, பிள்ளைக்குப் பாக்கிற ஆக்கள் மெத்தோட்றெக்சேற் குடிக்கவே கூடாது, முதலே கிளினிக்கில கதைச்சு மருந்தை மாத்தோணும். இது வேலை செய்யத் தொடங்க ஆறு கிழமையில இருந்து மூண்டு மாசம் செல்லும், ரெண்டாம் கிழமை ஒண்டும் தெரியேல்லை எண்டு விடுறதுதான் பெரிய விசர் வேலை.

ஸ்டீரோயிட் அப்பிடியில்லை, அது கத்துற எல்லாரையும் ஒரே நேரத்தில அமத்தும், ரெண்டு நாளில ஓடித் திரிவியள். அதாலதான் அது ஆசை காட்டும், எலும்பு, சீனி, பிறசர் எல்லாத்திலயும் பேந்து காசு கேக்கும். டொக்டர் தந்ததைத் திடீரெண்டு நிப்பாட்டவும் கூடாது, படி படியாத்தான் குறைக்கோணும். பொட்டலத்தில மூலிகைப் பொடி குடிச்சு மூண்டு நாளில மூட்டு நோ மாயமாய்ப் போய் முகமும் வட்டமா வந்தா, அதுக்குள்ள என்ன கலந்திருக்கு எண்டு சந்தேகப்படுங்கோ.

பயோலொஜிக் ஊசிக்கு வந்தா முதல் கேள்வி ரி.பி, அதாவது சயரோகம். நெஞ்சில பழைய ரி.பிக் கிருமியைச் சுத்தி மதில் கட்டி வச்சிருக்கிறதே ரி.என்.எஃப்தான், அதை மறிச்சா மதில் இடியும், கிருமி வெளிய வரும். அதால கையில ஊசி போட்டுப் பாக்கிற மன்ரூ ரெஸ்ட், நெஞ்சு எக்ஸ்றே, ஹெப்பற்றைற்றிஸ் பி எல்லாம் பாத்துத்தான் தொடங்குவினம், அலைக்கழிக்கினம் எண்டு கோவிக்காதேங்கோ, தாத்தாவுக்கு இருமல் வருத்தம் இருந்தது எண்டதையும் மறைக்காதேங்கோ. ஊசியை வீட்டில வச்சுப் போடுறதெண்டா 2 இல இருந்து 8 பாகைக்குள்ள, ஐஸ் பெட்டிக்குள்ள இல்லை, கீழ்த் தட்டில பின்சுவரில முட்டாமல், உறைஞ்சா எறியத்தான் வேணும். 25 பாகை வரைக்கும் கொஞ்ச நாள் வெளிய வைக்கலாம் எண்டு சில பெட்டியில போட்டிருக்கும், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கு 25 பாகை எங்க கிடக்கு. கறண்ட் போனா ஃபிறிட்ஜைத் திறக்காதேங்கோ, கனநேரம் எண்டா ஐஸ்கட்டியைத் துவாயில சுத்தி றெஜிபோம் பெட்டியில வச்சு ஊசியை அதுக்குள்ள வையுங்கோ.

மாரி தொடங்கினா இன்னொண்டு. டெங்குக் காலத்தில காய்ச்சல் வந்தா வழமையா நோவுக்குப் போடுற டைக்குளோஃபெனக்கைத் தொடாதேங்கோ, ரத்தம் கசியும், பரசிற்றமோல் மட்டும் போட்டுக்கொண்டு அண்டைக்கே போய்க் காட்டுங்கோ, கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கோ. ரொசிலிசுமாப் எடுக்கிற ஆக்களுக்கு காய்ச்சலும் சி.ஆர்.பியும் ரெண்டுமே மறைஞ்சு போகும், இன்ரலூக்கின் 6 ஐத்தானே பொத்தி வச்சிருக்கு, அதால காய்ச்சல் இல்லை எண்டு இருமலையும் சலக்கடுப்பையும் விடக்கூடாது. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாசக்கணக்கா மூட்டு வீங்கி நிக்கிறதும் ருமற்றொயிட் மாதிரியே இருக்கும், காய்ச்சல் எப்ப வந்ததெண்டு கட்டாயம் சொல்லுங்கோ.

சுருட்டைப் பற்றியும் சொல்லோணும், அப்புமார் கோவிச்சாலும் பரவாயில்லை. புகை ருமற்றொயிட்டை வரவும் வைக்கும், மருந்தைச் சரியா வேலை செய்யவும் விடாது.

போன கிளினிக்குக்கு முதல் அம்மான்ர கலண்டரைத் திருப்பிப் பாத்தன். விடிய இறுக்கம் ஒரு மாசமா 70, 65, 70 நிமிசம் எண்டு நிண்டது கடைசிக் கிழமை 20 க்கு இறங்கியிருக்கு. எனக்குச் சந்தோசம் தாங்கேலாது. டொக்டரிட்டக் காட்ட முதல் எதுக்கும் கேப்பம் எண்டு கேட்டா, இடியப்பம் பிழியக் கை ஏலேல்லையடா, அதால இந்தக் கிழமை பிட்டுக்கு மாறிட்டன் எண்டு சொல்லுறா.