மகள் ‘மக்கள்’ ஆனால் சுவிட்சைப் பாருங்கள்

சத்துவாச்சாரியில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மகள்’ என்று அடித்தால் திரையில் ‘மக்கள்’ என்று விழுந்தது. தமிழ்99 விசைப்பலகை முறையில் ‘க’ இருப்பது ஹெச் விசையில். அதை இரண்டு தடவை அடித்தால் ‘க்க’ ஆகிவிடும். நான் அடித்தது ஒரு தடவைதான்.

என்னுடையது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு. அதில் வரும் டாக்டைல் சுவிட்சை, அதாவது அழுத்தும்போது விரலில் ஒரு மேடு தட்டும் சுவிட்சை, 5 கோடி, 10 கோடி தடவை அழுத்தலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வகக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் கதவைத் திறந்துவைத்து ஃபேன் போடும் வேலூர்க் கடைக்கு அந்தக் கணக்கு செல்லாது! உள்ளே உலோகத் தகட்டில் தூசி படிந்தால் ஒரு அழுத்து இரண்டாகப் பதியும்.

முதலில் கேபிளைக் கழற்றுங்கள். விசையின் மூடியை எடுத்து, அடியில் தெரியும் சுவிட்சின் தண்டை அழுத்திப் பிடித்தபடி ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, முப்பது நாற்பது தடவை அழுத்துங்கள். நன்றாகக் காயட்டும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், பிசுக்கு மிஞ்சும்.

சரியாகவில்லையா? சுவிட்சைப் பிடுங்கி மாட்டும் வகை கீபோர்டு என்றால், யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் சுவிட்சை அங்கே மாற்றுங்கள். பின்கள் வளையாமல் நேராக இறக்க வேண்டும். அப்படித்தான் என் ‘க’ ஓடுகிறது.

அழுத்தும்போது விரலில் தட்டும் அந்த மேடு மழுங்குவது வேறு கதை. அது தண்டின் பிளாஸ்டிக் கால் தகட்டில் உரசித் தேய்வது, சுத்தம் செய்தாலும் திரும்பாது. கிரீஸ் போடுபவர்கள் அந்தக் காலில் தடவாதீர்கள், மேடு இன்னும் மங்கும்.