கட்டுநாயக்கவில் இருந்து யாழ்ப்பாணம்: வாடகை வானில் பிள்ளைக்கும் ஒரு பெல்ட்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி யாழ்ப்பாணம் போக 350 கிலோமீற்றருக்கு மேல், வானில் ஏழெட்டு மணித்தியாலம். கனடாவிலோ ஜேர்மனியிலோ பக்கத்துக் கடைக்குக்கூட பிள்ளைகளுக்கான கார் சீற் இல்லாமல் பிள்ளையை ஏற்றாதவர்கள், ஊருக்கு வந்ததும் அம்மம்மாவின் மடியில் இருத்திவிட்டு நித்திரையாகிவிடுகிறார்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போய் மோதினால், 10 கிலோ பிள்ளையைக்கூட எந்தக் கையாலும் பிடித்து வைத்திருக்க ஏலாது.

சீற்றை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் காசு வாங்காமல் ஏற்றும். டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, சீற் வந்துவிட்டது. அதைக் கட்ட வானில் பெல்ட் வேண்டுமே? வாடகைக்கு ஓடும் ஹையேஸ் வான்கள் பலவற்றில் பின்சீற்றுக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான். அதுவும் சீற் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். ஐசோஃபிக்ஸை (பெல்ட் இல்லாமலே பிள்ளையின் சீற்றைக் கொளுவும் கொக்கிகள்) எதிர்பார்க்க வேண்டாம். "பெல்ட் இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் இருக்கு அண்ணை" என்றுதான் பதில் வரும். ஆகவே பின்சீற் பெல்டைக் கொளுவிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தோளுக்குக் குறுக்கே வருகிற பெல்ட் படத்தில் தெரிய வேண்டும். பூஸ்டரில் (வளர்ந்த பிள்ளையை உயர்த்தி இருத்தும் சீற்) இருக்கும் பிள்ளைக்கு வெறும் இடுப்புப் பெல்ட் கூடவே கூடாது. மோதும்போது அது வயிற்றை நெரிக்கும், தலை முன்னுக்கு அடிபடும். அப்படி வான் கிடைக்காவிட்டால் புதிய கார் ஒன்றைப் பிடியுங்கள், சூட்கேஸ்களை வேறாக அனுப்பலாம்.

கனடாக்காரருக்கு இன்னொன்று. அங்கே பெல்டை முழுக்க இழுத்துவிட்டால் தானே இறுகிப் பூட்டிக்கொள்ளும். இங்கே பல வாகனங்களில் பூட்டாது. பெல்ட் நழுவாமல் பிடித்து வைக்கும் லொக்கிங் கிளிப் ஒன்றைப் பையில் போடுங்கள். பூட்டிய பிறகு, பெல்ட் போகும் இடத்தில் சீற்றைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் திரும்பவும் இறுக்குங்கள்.

இங்கே வாகனம் இடப்பக்கம் ஓடும், வானின் கதவும் இடப்பக்கம்தான். சீற்றையும் அந்தப் பக்கம் பூட்டினால் பிள்ளையைத் தெருக்கரையில் இறக்கலாம்.

நடுச்சாமத்தில் வந்து இறங்குபவர்கள் நீர்கொழும்பில் படுத்தெழும்பி, விடியப் புறப்படுவது நல்லது. புத்தளம் - அநுராதபுரம் பாதையில் இரவில் யானை குறுக்கே வரும். சாரதியும் உங்களுக்காகக் கண்விழித்துக் காத்திருந்தவர்தானே.

ஊருக்குள் ஓட்டோவில் சீற் பூட்ட வழியில்லை. ஓட்டோவைக் கிட்டத் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. அதைப் புறப்படும் முன்பே தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.